கண்மாயில் பார்த்து வாங்கிய கயாக்

என் வலது முழங்கால் பாதிதான் மடங்கும். மீதிப் பாதியை இருபத்தொன்பது வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்று நின்றே தேய்த்துவிட்டேன். பசுமலையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் நான். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பாடம் நடத்துகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மாடிப்படி ஏறாதீர்கள், தரையில் உட்காராதீர்கள், ரொம்ப தூரம் நடக்காதீர்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார். "மூச்சு விடலாமா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அந்த வருடம் ஆசிரியர்கள் எல்லாரும் வேன் பிடித்து, ராமநாதபுரம் தாண்டி ஒரு கடற்கரைக்குச் சுற்றுலா போனோம். அங்கே ஒருவர் கயாக் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரே ஆள் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு முனையிலும் அலகு உள்ள துடுப்பால் தள்ளிக்கொண்டு போகிற ஒடுக்கமான சின்னப் படகு அது. மற்ற டீச்சர்கள் ஆளுக்கு ஐந்து நிமிடம் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். நான் ஒரு மணி நேரம் இறங்கவில்லை. திரும்பி வந்து மணலில் காலை ஊன்றியபோதுதான் எனக்கு முழங்கால் என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வந்தது. ஒரு மணி நேரம் அதை மறந்து இருந்திருக்கிறேன். எத்தனை வருடம் ஆயிற்று அப்படி இருந்து. கண் கலங்கிவிட்டது, வெயில் கூசுகிறது என்று மற்றவர்களிடம் சமாளித்தேன்.

அன்று திருநகர் வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"நான் ஒரு கயாக் வாங்கப் போறேன்."

"வாங்கி? திருநகர்ல எந்தத் தெருவுல ஓட்டப் போற?"

"கடல்ல."

"கடல் இங்கிட்டு எங்க இருக்கு?"

"மூணு மணி நேரத்துல இருக்கு. நீங்க வேலைல இருந்தப்ப தல்லாகுளத்துல பஸ் ஏறி வீடு வந்து சேந்த நேரந்தான்."

அவர் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் மற்றவர்கள் பேசுவதை எழுதி எழுதி, தான் பேசுவதையும் அளந்துதான் பேசுவார். தண்ணீர் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. சின்ன வயதில் தெப்பக்குளத்துப் படியில் வழுக்கி உள்ளே போய், யாரோ சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டார்களாம். வைகையில் தண்ணீர் ஓடுகிற நாளில் பாலத்தின் மேல் ஸ்கூட்டர் ஓட்டும்போதுகூட இடதுபக்கம் வலதுபக்கம் திரும்பமாட்டார். நானோ உசிலம்பட்டிப் பக்கம் தோட்டத்துக் கிணற்றில் குதித்துக் குதித்து வளர்ந்தவள். இந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குப் பொருத்தமே இல்லை.

நாலு நாள் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. ஐந்தாம் நாள் காலையில் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"இந்தா, ஒரே ஒரு நிபந்தனை. கவுந்துட்டா நீயாத் திரும்ப ஏறணும். ஒருத்தர் கை படக் கூடாது. கடல்ல, நான் கரைல நிக்கும்போது, ஒரு தடவ ஏறிக் காட்டிரு. அதுக்கப்புறம் நான் வாயே தொறக்க மாட்டேன். முடியலேன்னா கடல் பேச்ச விட்ரணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கால், என் சம்பளம், உங்களிடம் எதற்கு உத்தரவு என்று வாய்வரை வந்தது. ஆனால் அவர் கீழே வைத்த டம்ளரில் காபி ஒரு வாய்கூடக் குடிக்காமல் அப்படியே இருந்ததைப் பார்த்துவிட்டேன். பயந்துகொண்டே சம்மதிக்கிற மனிதரிடம் என்னத்தைச் சண்டை போடுவது. "சரி" என்றேன். ஆக, அந்த ஒரு ஏற்றத்தில்தான் எனக்குக் கடல் உண்டா இல்லையா என்பது இருந்தது. பாதி மடங்குகிற காலோடு.

கயாக் கற்றுக்கொடுத்த கடற்கரைக்காரரிடம் விற்பதற்கு மூன்று பழைய கயாக்குகள் இருந்தன. படமும் அளவும் போனில் அனுப்பினார். நான் ஒரு நோட்டில் கட்டம் போட்டேன். நீளம், அகலம், எடை, வேகம், நேராகப் போவது, விழுந்தால் ஏறுவது என்று ஆறு பத்தி. முதலாவது பத்தடி நீளம், நல்ல அகலம், தட்டை அடி. உட்கார உள்ளே இறங்க வேண்டாம், மேலேயே உட்காரலாம். இரண்டாவது பதினேழடி, ஒல்லி. மேல்பக்கம் முழுக்க மூடியிருக்கும், நடுவில் ஆள் நுழைய வட்டமாக ஒரு சின்ன வாசல். அலையைக் கிழித்துக்கொண்டு நேராகப் போகுமாம். மூன்றாவது பதினாலடி. அகலமும் நடு, வேகமும் நடு, எல்லாமே நடு.

ஒவ்வொரு பத்திக்கும் பத்துக்கு மார்க் போட்டேன். மூன்றாவதற்கு எல்லாவற்றிலும் ஐந்து, ஆறுதான் வந்தது. அந்த மாதிரி மார்க் வாங்குகிற பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கிறேன். வருடக் கடைசிவரை பெயர்கூட மனதில் நிற்காது. சிவப்புப் பேனாவால் அதை அடித்துவிட்டேன். மனசு ஒல்லிமேல்தான் இருந்தது. புத்தி அகலத்தைச் சொன்னது.

என் தம்பி இன்னும் ஊரில் விவசாயம் பார்க்கிறான். அவனிடம் போனில் சொன்னதும், விஷயத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டான்.

"அக்கா, படத்தப் பாத்தா வாங்குவாக? மாடு வாங்குனாக்கூட நம்ம காட்ல ஒரு சால் ஓட்டிப் பாத்துட்டுத்தான வாங்குறோம். கம்மாய் நெறஞ்சு கெடக்கு. இங்கன கொண்டாரச் சொல்லு."

எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. கடற்கரைக்காரருக்குப் போன் போட்டேன். அடுத்த வாரம் மலைப்பக்கத்து ஏரி ஒன்றுக்கு லாரியில் கயாக்குகள் ஏற்றிப் போவதாகவும், வழியில் இறக்கிக் காட்டலாம் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு இழுத்தார்.

"டீச்சர், கடல்ல ஓட்டப் போறதக் கடல்ல வந்து பாருங்களேன்."

"தண்ணி எல்லாம் தண்ணிதான். கொண்டாங்க. ரெண்டு போதும், அந்த மூணாவது வேண்டாம்."

இருபத்தொன்பது வருடம் வகுப்பில் நான் சொன்னதே விடை. அந்தப் பழக்கம் போனிலும் வந்துவிட்டது. "சரிங்க டீச்சர்" என்றார் அவர்.

தை மாதம். கண்மாய் கரை தொட்டுக் கிடந்தது. ஊரில் பாதிப் பேர் கரையில் நின்றார்கள். என் வீட்டுக்காரர் தண்ணீரிலிருந்து எட்ட, கருவேல நிழலில் நின்றுகொண்டார். தம்பி முதலில் அகலத்தில் ஏறினான். உட்கார்ந்தான், எழுந்து நின்றான், முன்னாலும் பின்னாலும் நடந்து காட்டினான். கயாக் கட்டில் மாதிரி கிடந்தது. அடுத்து ஒல்லிக்குள் இறங்கினான். இரண்டு தள்ளுத் தள்ளியிருப்பான். கயாக் ஒரு பக்கம் சாய, இவன் மறுபக்கம் சாய, அடுத்த நிமிடம் தலைத்துண்டு தனியாக, ஆள் தனியாக மிதந்தார்கள்.

"இது ஆகாதுக்கா. ஆள எறியிற மாடு." மூக்கிலிருந்து தண்ணீரைச் சிந்திக்கொண்டே தீர்ப்புச் சொன்னான்.

"அகலந்தான் டீச்சருக்கு" என்று கரையில் நாலு பேர் சொன்னார்கள். கயாக்கை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறவர்கள். ஆனாலும் ஆளுக்கொரு அபிப்பிராயம் இருந்தது.

ஆசை விடுமா? கரையோரமாக நிறுத்தச் சொல்லி ஒல்லிக்குள் நானும் கால் விட்டுப் பார்த்தேன். வாசல் சின்னது. முழங்காலை மடக்கினால்தான் உள்ளே போகும். என் கால் மடங்கவில்லை. சரி, அதோடு முடிந்தது என்று அகலத்துக்கு வந்தேன். கொஞ்ச தூரம் போய் வேண்டுமென்றே விழுந்து, வயிற்றை மேலே போட்டு இழுத்து, முதல் தடவையிலேயே ஏறிவிட்டேன். முழங்காலுக்கு வேலையே இல்லை. கருவேல நிழலைப் பார்த்துக் கையை ஆட்டினேன். அவர் தலையை ஆட்டினார். அங்கேயே பேசி முடித்து அகலத்தை வாங்கிவிட்டேன். கடற்கரைக்காரர் ஒல்லியைத் திரும்ப லாரியில் ஏற்றிக் கட்டினார். கடைசிவரை ஒன்றும் சொல்லவில்லை.

மாசியில் ஒரு சனிக்கிழமை கடலுக்குப் போனோம். என் வீட்டுக்காரர் குடையும் பிளாஸ்க்கும் துண்டும் எடுத்துக்கொண்டு பனைமரங்களுக்குப் பக்கத்தில் நின்றார். கடற்கரைக்காரர் ஒல்லியில் என் கூடவே வந்தார். "நான் கவுந்தா நீங்க கை வைக்கக் கூடாது" என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். முதல் அரை மணி நேரம் கடல், கண்மாயைவிடச் சாதுவாக இருந்தது. பத்து மணிக்கு மேல் காற்று எழுந்தது. அலை பக்கவாட்டில் வர ஆரம்பித்தது.

கண்மாயில் கட்டில் மாதிரி கிடந்த கயாக், ஒவ்வோர் அலைக்கும் அந்த அலை சாய்ந்த பக்கமே சாய்ந்தது. அலை இடதில் ஏறினால் நான் வலதில் சரிந்தேன். இது என்னடா வம்பு என்று நினைப்பதற்குள் தண்ணீருக்குள் இருந்தேன்.

முதல் தடவை ஏறப் போனபோது அலை கயாக்கை என்மேலேயே தள்ளியது. இரண்டாம் தடவை வயிறுவரை ஏறிவிட்டேன். அது சரிந்து என்னை மறுபடி உள்ளே கொட்டியது. மூன்றாம் தடவை கையில் பலமில்லை. உப்புத் தண்ணீர் வேறு குடித்துவிட்டேன். கடற்கரைக்காரர் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். நாலாவது தடவை நான் கையைத் தூக்குவதற்குள், "டீச்சர், கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல" என்று சொல்லி என் கயாக்கின் ஓரத்தைப் பிடித்து அமுக்கிக்கொண்டார். நான் ஏறினேன்.

கரைக்குத் திரும்பும் வழியெல்லாம் மனதில் கணக்குத்தான். நாங்கள் இருந்த தூரத்துக்குக் கரையிலிருந்து இரண்டு படகு தெரியும், ஒரு தலை தெரியும். யார் கை எங்கே இருந்தது என்று தெரியாது. கடற்கரைக்காரராக வாயைத் திறக்கமாட்டார். நான் ஏறினேன் என்று சொன்னால் அதில் பாதி உண்மைதானே என்றுகூட ஒரு சமாதானம் வந்தது. வகுப்பில் பிள்ளைகள் பக்கத்துத் தாளைப் பார்க்கும்போது என்ன பேச்சுப் பேசியிருக்கிறேன்.

கரையில் என் வீட்டுக்காரர் துண்டோடு நின்றிருந்தார். கேட்டார்.

"நீயா ஏறுனியா?"

அந்த நேரம் எனக்கு அவர்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஏறி வந்து உயிரோடு நிற்கிறேன், இதுதான் கேட்கிற கேள்வியா?

"இல்ல" என்றேன். "அவரு புடிச்சாரு."

அவர் துண்டைக் கொடுத்தார்.

காரில் ஏறினோம். எனக்கு அழுகையாக வந்தது. அழுதேன், இந்தத் தடவை வெயிலைச் சாக்குச் சொல்லவில்லை. இனிமேல் பள்ளிக்கூடம், வீடு, டாக்டர், முழங்கால், அம்புட்டுத்தான் என்று இருந்தது. பரமக்குடியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினார். பாதி டீ குடித்த பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"அவரு ஓட்டுனாரே அந்த ஒல்லி, அது ஏன் ஆடல?"

"எதுக்கு இப்ப?"

"காத்து வந்ததும் ஒன்னுது அங்கிட்டும் இங்கிட்டும் சாஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அது நிமிந்தே நின்னுச்சு. கம்மாய்ல தலைகீழால்ல இருந்துச்சு?"

டம்ளரைக் கீழே வைத்தேன். தண்ணீரைக் கண்டாலே ஆகாத மனிதர் கரையில் நின்று பார்த்திருக்கிறார். நடுவில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியவில்லை. அங்கேயே கடற்கரைக்காரருக்குப் போன் போட்டு, இரண்டு பேரும் கேட்கும்படி வைத்தேன்.

"ஆமாங்க டீச்சர். தட்ட அடி, தண்ணி எப்படிச் சாயுதோ அப்படியே சாயும். கம்மாய்ல தண்ணி எங்க சாயுது? அதான் அசையாம நின்னுச்சு. ஒல்லிக்கு வயிறு உருண்ட. சும்மா கெடக்கிற தண்ணில ஆட்டங் காட்டும். அலை வந்தா அலை அடியில வழுக்கிட்டுப் போயிரும், ஆளு நிமிந்தே இருப்பாரு."

"இத ஏன் அன்னைக்கே சொல்லல?"

"சொன்னேனே டீச்சர். கடல்ல வந்து பாருங்கன்னு."

சொன்னார்தான். அவரே மேலே பேசினார். "ஒல்லில உங்க காலு போகாது. நீங்க வேண்டாம்னீங்களே மூணாவது, அதுக்கும் இதே உருண்ட வயிறுதான். வாசல் மட்டும் நீளம். கால நீட்டுனபடியே உள்ள விட்றலாம். அகலத்த நான் எடுத்துக்கிறேன், அத வாங்கிக்கங்க."

போனை வைத்தேன். அடி தட்டையா உருண்டையா என்பதற்கு என் நோட்டில் பத்தியே இல்லை. வாசலின் நீளத்துக்கும் இல்லை.

"கணக்குத் தப்பாப் போச்சா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"கேள்வித்தாளே தப்பு." பிறகு நானே சொன்னேன். "இப்ப எதுக்கு அதெல்லாம். நிபந்தனைதான் முடிஞ்சு போச்சே."

டீயை நிதானமாகக் குடித்து முடித்தார். "ஒரு தடவ ஏறிக் காட்டணும்னுதான் நிபந்தனை. மொத தடவைலயே காட்டணும்னு அதுல இல்ல."

நீதிமன்ற எழுத்தரைக் கட்டிக்கொண்டதில் அன்றைக்குத்தான் எனக்கு ஒரு லாபம் வந்தது.

மூன்றாவது கயாக் தம்பியின் மோட்டார் அறைப் பக்கம் வந்து சேர்ந்தது. ஒருவாரம் விட்டு ஒருவாரம் சனிக்கிழமை கண்மாயில் பயிற்சி. முதல் நாள் அது ஆடிய ஆட்டத்தில் துடுப்பை விட்டுவிட்டு இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நாளில், ஆடும் ஆனால் கவிழாது என்று இடுப்புக்குப் புரிந்துவிட்டது. விழுந்தால் ஏறுவதற்குக் கடற்கரைக்காரர் ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தார். துடுப்பின் ஒரு முனையில் காற்றுப்பை ஒன்றை மாட்டி ஊதி, துடுப்பைப் படகுக்குக் குறுக்கே வைக்க வேண்டும். பை மிதந்து அந்தப் பக்கம் தாங்கிக்கொள்ளும். பின்பக்கம் குப்புறப் படுத்து, இரண்டு காலையும் விறைப்பாக வாசலுக்குள் விட்டு, அப்படியே புரண்டு உட்கார வேண்டும். முழங்கால் மடங்கவே வேண்டாம். கேட்க எளிது. முதல் சனிக்கிழமை ஒரு தடவைகூட முடியவில்லை. எருமைகள் குளித்து முடித்துக் கரையேறிப் போய்விட்டன, நான் ஏறவில்லை. சித்திரை பிறப்பதற்குள் பத்துக்கு எட்டுத் தடவை ஏறினேன்.

"போதும்க்கா. இனி காட்டுல ஏர் பூட்டு" என்றான் தம்பி.

முழுப்பரீட்சைத் தாள் எல்லாம் திருத்திக் கொடுத்துவிட்டு, விடுமுறையில் போனோம். அதே கரை, அதே பனைமரம், குடை, பிளாஸ்க், துண்டு. காற்று எழட்டும் என்று நானே காத்திருந்தேன். பக்கவாட்டில் அலை வந்தது. கயாக் லேசாக அசைந்துகொடுத்துவிட்டு நிமிர்ந்தே நின்றது. கடற்கரைக்காரர் ஒல்லியில் பத்தடி தள்ளி நின்றார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, இடதுபக்கம் சாய்ந்து, நானாகக் கவிழ்ந்தேன்.

பையை மாட்ட விரல் ஒத்துழைக்கவில்லை. ஊதும்போது வாயில் அலை அடித்தது. முதல் தடவை பாதியில் வழுக்கினேன். பயமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். இரண்டாம் தடவை மார்பை மேலே போட்டு, காலை உள்ளே விட்டு, புரண்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்துவிட்டேன். கடற்கரைக்காரர் தன் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கரைக்குக் காட்டினார், தான் தொடவில்லை என்று.

நானும் கரையைப் பார்த்தேன். குடை மறுபக்கம் திரும்பியிருந்தது. என் வீட்டுக்காரர் கடலுக்கு முதுகு காட்டி, பனைமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கரைக்கு எப்படி வந்தேன் என்றே தெரியவில்லை. இரண்டு மாதம் எருமையோடு எருமையாகக் கிடந்து கற்றுக்கொண்டு வந்திருக்கிறேன். இந்த மனிதர் பனைமரத்தை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

"எதுக்கு அங்கிட்டுத் திரும்பி நின்னீங்க?"

"நீ தண்ணிக்குள்ள போயிட்டா என்னால பாக்க முடியல" என்றார்.

"அப்ப அன்னைக்கு?"

"அன்னைக்கும்தான். நீ விழுற வரைக்கும் பாத்தேன். அப்புறம் திரும்பிட்டேன். அதான் வந்ததும் கேட்டேன்."

நாலு தடவை நான் விழுந்து எழுந்த நேரமெல்லாம் அவர் அந்த மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"இப்ப சொல்லு. நீயா ஏறுனியா?"

"ஆமா."

"சரி."

"அம்புட்டுத்தானா? அவரக் கேக்க வேண்டாமா?"

"எதுக்கு? அன்னைக்கு இல்லன்னு சொன்னவ தான நீ."

துண்டை என் தோளில் போட்டார். கயாக்கை மேலே கொண்டுபோக வேண்டியிருந்தது. நான் மணலில் நின்று முன்பக்கத்தைப் பிடித்தேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தண்ணீருக்குள் கிடந்த பின்பக்கத்துக்குப் போனார்.